பள்ளிக்கு வந்த தங்க வயர்

ஒரு வயரை முகர்ந்து பார்த்து "மாஷா அல்லாஹ்" என்று சொன்ன மனிதர்களை நான் கண்டிருக்கிறேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் நிர்வாக அறையில், ஒரு வெள்ளிக்கிழமை அஸர்த் தொழுகைக்குப் பிறகு, ஏழு பேர் ஒரு ஸ்பீக்கர் வயரைக் கைமாற்றிக் கைமாற்றித் தடவினார்கள். ஒருவர் அதைத் தூக்கிப் பாரம் பார்த்தார். ஒருவர் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். புதுக் கார் வாசம் வருகிறதாம். நான் மூலையில் ஸ்குரூடிரைவரோடு நின்றேன்.

கல்முனை பஸார்ப் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. அம்பிளிபயர், மைக், ஸ்பீக்கர் பெட்டி எல்லாம் பழுது பார்ப்பேன். கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிறவர்கள், சுற்றுவட்டப் பள்ளிகள், காரைதீவுப் பக்கத்துக் கோயில்காரர்கள் என்று பலரும் சாமான்களை என்னிடம்தான் கொண்டுவந்து போடுவார்கள். மூடியைத் திறந்தால் போதும், அந்தப் பெட்டி கடலுக்கு எவ்வளவு கிட்ட இருந்தது, எவ்வளவு உப்புக் காற்றுக் குடித்தது என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. ஒரே கதிரையில் இருபத்தைந்து வருடம் குந்தியிருந்தால் யாருக்கும் அந்த அளவு புத்தி வரும்.

விலை கூடிய வயர் என்கிற வியாதி எங்கள் பக்கம் வந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. கட்டாரில் இருந்து திரும்பி வந்த ஒருவர் தன் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஹோலில் இரண்டு பெட்டி, நடுவில் ஒரு அம்பிளிபயர், மூன்றையும் இணைக்கிற வயருக்கு மட்டும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் விலை. வயரின் தோலில் அம்புக்குறி வேறு போட்டிருந்தது, சத்தம் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று. அது இல்லாவிட்டால் சத்தம் வழி தெரியாமல் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும் போலும்.

"காதக் குடுத்துக் கேளுங்க காக்கா. வித்தியாசம் வெளங்குதா?" என்று கேட்டார்.

ஏசி இரைவதுதான் எனக்கு விளங்கியது. "ஓம், வெளங்குது" என்றேன். பிளேன்டீயும் தொதலும் வைத்து உபசரித்தவரிடம் வேறென்ன சொல்ல? ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் வாய் கசந்தது. படித்த மனிதன், ஒரு கம்பனியில் கணக்காளராக இருந்தவன், வயருக்கு அம்புக்குறி இருப்பதை நம்புகிறான்.

உண்மை மிகவும் சின்னது. வயர் மெல்லிசாக இருந்து தூரமும் கூடினால் சத்தம் குறையும். அதற்குக் கொஞ்சம் தடித்த சாதாரணச் செம்பு வயர் போதும். முனை பச்சை பிடித்திருந்தால் சுரண்டிவிட்டு முறுக்க வேண்டும். வயரின் வேலை அவ்வளவுதான். வாய்க்கால் அடைபடாமல் தண்ணீர் வயலுக்கு வந்து சேர்ந்தால் சரி. வாய்க்கால் கட்டுக்குத் தங்கப் பூச்சுப் பூசினால் நெல் கூட விளையுமா? இதைச் சொன்னால் "நீங்க பழைய காலத்து ஆள்" என்பார்கள்.

இனிப் பள்ளியின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பழைய பள்ளிக்குச் சீமெந்துத் தரை. அதன் மேல் சுவருக்குச் சுவர் பன்பாய் விரித்திருக்கும். பள்ளியைப் பெருப்பித்துக் கட்டியபோது தரை, தூண்கள், சுவரில் ஆள் உயரம் என்று எல்லாவற்றுக்கும் மாபிள் கல் பதித்துக் கொடுத்தது எங்கள் வீடு. உம்மா மௌத்தாகி, மண்ணில் வைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சவூதியில் இருந்த என் மூத்த சகோதரர், காக்கா, பெரும்பகுதியைப் போட்டார், மிச்சத்தை நான் போட்டேன். மௌத்தானவர்களின் பேரால் இப்படி நிலைத்து நிற்கிற ஒன்றைச் செய்து வைத்தால், அது பாவனையில் இருக்கும் காலமெல்லாம் அவர்களுக்கு நன்மை போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். ஸதக்கத்துல் ஜாரியா என்போம். வாசலில் உம்மாவின் பெயர் வெட்டிய ஒரு சின்னக் கல்லும் பதித்திருக்கிறது. பெயர் போடச் சொன்னது காக்காதான். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாபிள் பதித்து முடிந்ததும் பாயைத் திரும்ப விரிக்கும் பேச்சு வந்தது. காக்கா போனில் கத்தினார்.

"இவ்வளவு காசப் போட்டு மாபிள் பதிச்சி, அதப் பாயால மூடுறதா? கண்ணாடி மாதிரி இரிக்கிற சாமான்!"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பாய்களைச் சுருட்டி, அடக்கம் செய்கிற மையவாடிக் கொட்டிலுக்குள் போட்டார்கள். அங்கே எலிகள் குடியேறின.

புதுப் பள்ளியில் மைக் பொருத்திப் பூட்டப் போன அன்று உள்ளே யாரும் இல்லை. நடுவில் நின்று ஒரு தரம் கையைத் தட்டினேன். தட்டிய சத்தம் தரையில் பட்டு, தூணில் பட்டு, கண்ணாடி ஜன்னலில் பட்டு, என்னிடமே திரும்பத் திரும்ப வந்தது. ஒரு சொல்லைச் சொன்னால் அது போய்த் திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் ஏறி உட்காரும். இந்தப் பள்ளிக்குள் ஒருவரும் ஒன்றையும் தெளிவாகக் கேட்கப் போவதில்லை என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. மைக்கைப் பூட்டினேன், வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. யாரும் கேட்கவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எங்கள் மோதினார் வரிப்பத்தான்சேனை ஊர்க்காரர். ஐந்து வக்துத் தொழுகைக்கும் பாங்கு சொல்வது, மௌத்து அறிவிப்பது, பள்ளியைக் கூட்டித் துடைப்பது, கை கால் கழுவி ஒளுச் செய்யும் தொட்டியைக் கழுவி நிரப்புவது எல்லாம் அவர் வேலை. மனைவி மௌத்து. ஒரே மகள். எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். கட்டிய வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு தகப்பன் அந்த வீட்டில் ஒரு விருந்தாளிதான். மருமகன் முகம் சுளித்தால் எழுந்து போக வேண்டிய விருந்தாளி. அதனால் இவர் பள்ளியோடு ஒட்டிய சின்ன அறையில் பல வருடமாக இருந்தார். ஒரு கட்டில், தேத்தண்ணிக்கு ஒரு கேத்தல், ஒரு கொடியில் இரண்டு சாரம். சத்தம் போட்டுக் கதைக்கிற மனிதன் அல்ல. பாங்கும் அப்படித்தான், அடங்கிய குரலில் சீராக வரும்.

மாபிள் வேலை முடிகிற நேரத்தில் அவர் டெங்குக் காய்ச்சலில் விழுந்து மூன்று கிழமை மகள் வீட்டில் கிடந்தார். எழும்பி வந்து புதுப் பள்ளியில் பாங்கு சொன்னபோது சொற்கள் குழைந்து குழைந்து வந்தன. ஊர் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டது. காய்ச்சல் அவருடைய குரலைத் தின்றுவிட்டதாம். ஒரு நாளைக்கு ஐந்து தரம் அதையே சொன்னார்கள், அவருடைய காதில் விழக்கூடியதாகவே சொன்னார்கள். தொழுதுவிட்டு வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டே ஒரு வயதான மனிதனின் தொண்டையைப் பற்றிக் கதைப்பதற்கு எவ்வளவு தடித்த தோல் வேண்டும்.

நிர்வாகத்துக்கு முறைப்பாடு போனது. மக்காவில் போல ஓதுகிற இளம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஒருவர் போனில் வீடியோ காட்டினார். ஒவ்வொருவரும் போனை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள், மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல. அப்போதுதான் நெல் ஆலை வைத்திருக்கிற ஒரு ஹாஜியார் குறுக்கே வந்தார்.

"மனிசன உடனே நிப்பாட்டுறது சரியில்ல. முதல்ல சாமான மாத்திப் பாப்பம். மௌத்தான என்ட வாப்பாட பேரால நல்ல வயர் ஒண்டு எடுத்துத் தாறன், மகன் துபாயில இரிந்து வாறான். அதுக்கும் சரிவரல்லண்டா, மறுகா மோதினார்ர விசயத்த முடிவெடுப்பம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஆக, ஒரு மனிதனின் வேலையும் அவன் படுக்கிற கட்டிலும் ஒரு வயரின் முனையில் தொங்கின. அந்த வயரைத்தான் அந்த வெள்ளிக்கிழமை முகர்ந்து பார்த்தார்கள்.

வயர் என் பெருவிரல் தடிப்பு. மேலே பாம்புத் தோல் மாதிரிப் பின்னல், இரண்டு பக்கமும் தங்க நிற முனை. ஹாஜியார் எனக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டார்.

"தம்பி, முனைய மட்டும் வெட்டிப்போடாதீங்க. சத்தத்திர பெறுமதியே அதிலதான் இரிக்காம்."

பள்ளியின் அம்பிளிபயரோ பழைய சாமான். பின்னால் ஸ்குரூ இறுக்கி வயரைப் பிடிக்கிற ரகம். அந்தத் தங்க முனை அதற்குள் போகாது. போக வைக்க ஒரு சின்ன இணைப்பு வேண்டும், அதைக் கொழும்பில் இருந்து எடுக்க வேண்டும். ஆனால் அடுத்த வெள்ளி ஜும்ஆத் தொழுகைக்கு முன் வேலை முடிந்திருக்க வேண்டுமாம். நான் என்ன செய்தேன் என்றால், எல்லார் கண்ணிலும் படும்படி புது வயரைச் சுவர் ஓரமாக அழகாகக் கிளிப் அடித்து ஓடவிட்டேன். ஒரு முனையை அம்பிளிபயருக்கும் மற்றதைப் பெட்டிக்கும் பின்னால் சொருகி மூடினேன். பழைய வயரைத் தொடவே இல்லை. பள்ளியின் சத்தம் முன்பு போலவே பழைய வயரில்தான் ஓடியது. இணைப்பு வந்ததும் மாற்றிவிடலாம் என்று இருந்தேன். அதுவரை என் மனதில் கள்ளம் இல்லை.

ஜும்ஆ முடிந்தது. வாசலில் கூட்டம் ஹாஜியாரைச் சுற்றிக்கொண்டது.

"சுப்ஹானல்லாஹ், ஒவ்வொரு எழுத்தும் வெளங்குதே!"

"மோதினார்ர குரலும் மாறி வந்திட்டுப் பாருங்க. இவ்வளவு நாளும் அந்த மனிசன வீணாக் கொற சொல்லிட்டம்."

"காசுக்கேத்த சாமான்தான்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். காது இரண்டும் எரிந்தன. அதே அம்பிளிபயர், அதே பெட்டி, அதே பழைய வயர், அதே எதிரொலி. ஒரு மயிரளவும் மாறவில்லை. இவர்கள் காதால் கேட்கவில்லை, வயரின் விலையால் கேட்டார்கள். சீ என்று வந்தது எனக்கு. ஒருவர் என் தோளில் தட்டி, "நல்லாப் பூட்டி இரிக்கீங்க" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

மோதினாரையும் பிடித்துக்கொண்டார்கள். கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொட்டிப் பக்கம் போனார்.

அன்று பகல் சாப்பிடும்போது மனைவியிடம் நடந்ததைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பெண்கள் பகுதியிலும் முத்து முத்தாய்க் கேட்கிறது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்களாம்.

"இஞ்ச பாருங்க, இத இதோட விட்டுருங்க" என்றாள். "வயர் நல்லம் எண்டு அவங்க நெனைக்கிற வரைக்கும் மோதினாரும் நல்லம். ஒங்கட வாய் சும்மா இரிக்காது, எனக்குத் தெரியும்."

"பொய்ய நம்பிக்கிட்டு இரிக்கட்டும் எங்கிறியா?"

"அந்தப் பொய்யால ஆருக்கு நட்டம்?"

சோற்றைக் குனிந்து பிசைந்தேன். ஆனாலும் கோபம் இருந்தது. பதில் இல்லாத கோபம்தான் மனிதனை எப்போதும் கெடுக்கிறது.

திங்கட்கிழமை கொழும்பில் இருந்து இணைப்பு வந்தது. நான் பூட்டவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்று மேசை லாச்சிக்குள் போட்டு வைத்தேன். ஒவ்வொரு நாளும் யாராவது கடைக்கு வந்து அந்த வயரைப் புகழ்வார்கள். பாலமுனையில் இருந்து ஒருவர் வந்து அதே வயர் தங்கள் பள்ளிக்கும் கிடைக்குமா என்று விசாரித்தார். கேட்கக் கேட்க வெறுப்பு ஊறியது. அதில் ஒரு ருசியும் இருந்தது, அதை இன்றைக்கு மறைக்க மாட்டேன். ஊர் முழுவதும் முட்டாள், நான் ஒருவன்தான் விளங்கியவன் என்ற ருசி. சொத்தைப் பல்லை நாக்கால் தடவிக்கொண்டே இருப்பது போல நான் அதைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அந்த ஜும்ஆ கழிந்து பத்தாம் நாள் நிர்வாகம் கூடியது. ஹாஜியாரின் வாப்பாவுக்கு துஆ ஓதினார்கள். பிறகு பெட்டிஸும் பிளேன்டீயும் வந்தன. மோதினார்தான் தட்டை ஏந்திக்கொண்டு ஒவ்வொருவராகக் கொடுத்தார். ஹாஜியார் கதிரையில் நன்றாகச் சாய்ந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க செம்பு செம்புதான் எண்டு கடையில கதைக்கிறீங்களாம். கேள்விப்பட்டன். இனிச் சரி ஒத்துக்கங்க. சாமான் எண்டா சாமான்தான். ஊர்ல இரிக்கிற மத்த ரெண்டு பள்ளிக்கும் இதே வயரத்தான் எடுக்கப் போறன், நீங்கதான் பூட்டித் தரணும்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. எழுந்தேன். "எல்லாரும் கொஞ்சம் பள்ளிக்கு உள்ளுக்கு வாங்க" என்றேன். பெட்டியை முன்னுக்கு இழுத்து, பின்னால் சொருகியிருந்த தங்க முனையை வெளியே எடுத்துத் தூக்கிக் காட்டினேன்.

"இந்த வயர் இன்னும் பூட்டவே இல்ல. பத்து நாளும் நீங்க கேட்டது பழைய வயரத்தான்."

பெட்டிஸ் மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. அந்த ஒரு நிமிடத்தை நான் எவ்வளவு ரசித்தேன் என்று நினைத்தால் இன்றைக்கு என் மேலேயே துப்ப வேண்டும் போலிருக்கிறது. அதோடும் விடவில்லை. இணைப்பைப் பையில் கொண்டுபோயிருந்தேன். அவர்கள் முன்னாலேயே பூட்டினேன். எல்லாரையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கச் சொல்லி, ஒரே ஓதலை ஒரு தரம் பழைய வயரிலும் ஒரு தரம் புது வயரிலும் போட்டு, எது எது என்று கேட்டேன். மூன்று பேர் பழையதைப் புதியது என்றார்கள். இரண்டு பேர் ஒன்றைச் சொல்லிவிட்டு மறுபடி மாற்றிச் சொன்னார்கள். ஒருவர் இரண்டு முறையும் புதியது என்றார். ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

எல்லாரும் நிர்வாக அறைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தோம். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "சரி தம்பி. ஒங்கட கதையே சரி எண்டு வெப்பம். அப்ப பழைய வயரும் நல்லம், புது வயரும் நல்லம். வயர்ல பிழையில்ல. அப்ப பாங்கு கொழையிறதுக்குப் பிழை எங்க இரிக்கி?"

எல்லாருடைய கண்களும் ஒரே நேரத்தில் கதவுப் பக்கம் போயின. அங்கே வெறும் தட்டோடு மோதினார் நின்றுகொண்டிருந்தார்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்றார் இன்னொருவர். "வயர், பெட்டி எண்டு எத்தின நாளைக்குத்தான் சாமானக் கொற சொல்லுற?"

அந்த இடத்தில் உண்மையிலேயே கூடம்தான் கோணல். அது தெரிந்தவனாக அந்த அறையில் நான் இருந்தேன். "மாபிள்தான் பிழை, நாலு பாயை விரியுங்கள், ஜன்னலுக்குத் தடித்த சீலை போடுங்கள், எல்லாம் சரிவரும்" என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். வாயைத் திறந்தேன். ஜன்னல் வழியாகப் பள்ளி வாசல் தெரிந்தது. உம்மாவின் பெயர் வெட்டிய கல் வெயிலில் மின்னியது. அதைத் தாண்டி எத்தனையோ பேர் நாளும் மாபிளில் காலை எடுத்து வைத்து உள்ளே போகிறார்கள், ஒவ்வொரு காலுக்கும் உம்மாவுக்கு நன்மை போகிறது என்று நான் நம்புகிறேன். அந்த மாபிளால் பள்ளி கெட்டது என்று உம்மா பெற்ற பிள்ளையே ஊருக்கு முன் சொல்வதா? காக்காவுக்கு யார் பதில் சொல்வது? ஹாஜியார் அந்த வார்த்தையைக் கேட்டால் எப்படிச் சிரிப்பார் என்பதும் என் மனதில் ஓடியது.

அவருடைய வாப்பாவின் வயரை ஏழு பேர் முன்னால் தூக்கிக் காட்டிச் சிரித்தவன் நான். என் உம்மாவின் மாபிளுக்கு வந்ததும் பிளேன்டீயைக் குடித்தேன். ஆறிப்போன டீ. கோப்பை காலியாகும் வரை தலையைத் தூக்கவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது வேறொரு மனிதன். மாத முடிவோடு நிற்கச் சொல்லி அவருக்கு அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். கண்ணியமாகத்தான் சொன்னார்களாம். உங்களுக்கும் ஓய்வு வேண்டும்தானே என்றார்களாம். மனிதனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளும்போதுகூட எங்கள் ஊர்க்காரர்களின் கை மெத்தென்றுதான் இருக்கும்.

மனைவி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சோற்றைப் போட்டுவிட்டு, "இப்ப சந்தோசமா?" என்று மட்டும் கேட்டாள். அவளிடமும் மாபிளைப் பற்றிச் சொல்லவில்லை.

இப்போது இருக்கிற மோதினார் இளம் ஆள். போனில் முத்துப் போல ஓதியவர். எங்கள் பள்ளிக்குள் அவருடைய குரலும் குழைகிறது. ஆனால் அவரைத் தெரிவு செய்தவர்கள் எல்லாரும் நிர்வாகத்தில் இருப்பதால் அவருடைய குரலில் பிழை வராது. அம்பிளிபயர் பழசாகிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். யாராவது தங்கள் மௌத்தானவர்களின் பேரால் ஒன்று எடுத்துக் கொடுப்பார்கள். பூட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் தங்க வயர் இன்றைக்கும் பள்ளிச் சுவரில் ஓடுகிறது. வேலையும் செய்கிறது, மற்ற வயர்களைப் போல.

பழைய மோதினார் ஊரை விட்டுப் போன அன்று காலையில் என் கடைக்கு வந்தார். ஊரை விட்டுப் போகிறவர் பழகியவர்களிடம் மாப்புக் கேட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கம். கையில் ஒரு சீலைப் பையும் அந்தக் கேத்தலும் இருந்தன. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பழகின நாளையில என்னால ஏதும் மன வருத்தம் வந்திரிந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக்கங்க தம்பி" என்றார்.

என்னால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாப்புக் கேட்க வேண்டியவன் யார், கேட்பவர் யார்? என் மேல் எனக்கு வந்த அருவருப்பை அந்த வயரை முகர்ந்தவர்கள் மேல்கூட நான் பட்டதில்லை. கடையில் வேறு யாரும் இல்லை. யாரும் இல்லாததால்தானோ என்னவோ, எனக்கு அப்போது வாய் திறந்தது.

"மோதினார், ஒங்கட குரல்ல ஒரு பிழையுமில்ல. அந்த மாபிள்தான். சத்தம் அதில பட்டுப் பட்டுத் திரும்புது. பாய விரிச்சா எல்லாம் சரி."

"தெரியும் தம்பி" என்றார்.

நான் நிமிர்ந்தேன்.

"காய்ச்சல் மாறி வந்த அண்டைக்கே தெரியும். பள்ளியத் திறந்து உள்ளுக்குப் போய் ஒருக்காச் செருமினன். அந்தச் செருமல் என்னச் சுத்திச் சுத்தி வந்திச்சு."

"அப்ப ஏன் ஒரு வார்த்த சொல்லல்ல? கூட்டத்தில சொல்லி இரிந்தா ஒங்கட வேல போயிரிக்காதே."

அவர் கேத்தலை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஒங்கட உம்மாட பேரால போட்ட சாமான். அதில பிழை இரிக்கி எண்டு நான் எப்பிடித் தம்பி சொல்லுற? நீங்க சொல்லுவீங்க எண்டுதான் கதவடியில நிண்டு பாத்துக்கிட்டு இரிந்தன்."

சொல்லிவிட்டு ஸலாம் கூறி, பஸ்ஸுக்கு நடந்தார். ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. எனக்கு அது வாயில் வரவில்லை.